கோயில், சேர்ச், பள்ளிவாசல்: மட்டக்களப்புக்கு மாறி வருபவர்களுக்கு ஒரு சாப்பாட்டு வழிகாட்டி

இடமாற்றத்தில் மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ வருபவர்கள் முதலில் விசாரிப்பது வாடகை வீடும் பிள்ளைகளின் பாடசாலையும்தான். கொஞ்ச நாள் போனபிறகு வேறு மாதிரிக் கேள்விகள் வரும். "கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருக்கிறார், என்ன கொண்டு போவது?", "அம்மன் கோயில் சடங்குக்கு வரச் சொல்கிறார்கள், காலையில் மீன் சாப்பிட்டுவிட்டேனே, போகலாமா?", "சேர்ச் பூசையில் எல்லாரும் எழுந்து போய் அப்பம் வாங்குகிறார்கள், நான் மட்டும் இருந்தால் மரியாதை இல்லையோ?"

கல்லடிப் பாலத்தைத் தாண்டி கல்முனை வீதியில் போனால் காத்தான்குடி, அடுத்தது ஆரையம்பதி, இன்னும் தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரு பள்ளிவாசல் ஊர், ஒரு கோயில் ஊர் என்றே பஸ் போகும். நடுவில் சேர்ச்சுகள். அம்பாறை நகரப் பக்கம் போனால் விகாரைகள். எங்கே போனாலும் கையில் ஏதாவது ஒன்றைத் தருவார்கள், சும்மா அனுப்ப மாட்டார்கள். ஆகவே எப்படி வாங்குவது, எப்படி வேண்டாம் என்பது, எப்போது வாயைத் திறப்பது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோயிலிலும் பள்ளிவாசலிலும் தருவதை மறுத்தால்தான் முகம் சுருங்கும், ஆனால் கத்தோலிக்கப் பூசையில் தரும் அப்பமான நற்கருணையை மரியாதைக்காக வாங்கினால்தான் பிழை. இது இரண்டையும் மாற்றிப் போடாமல் இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

போவதற்கு முன்

கூப்பிட்டவரிடமே மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், சாப்பிட்டுவிட்டு வரலாமா, கையில் என்ன கொண்டு வரலாம். கேட்டால் குறைவாக நினைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம், இங்கே இப்படிக் கேட்பவர்களைத்தான் பிடிக்கும். சீனி வருத்தம், பிரஷர், அல்சர் என்று ஏதாவது இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இலையில் சக்கரைப் புக்கை (பொங்கல்) விழுந்த பிறகு "எனக்குச் சீனி கூடாது" என்றால் பரிமாறியவருக்கும் சங்கடம், பக்கத்தில் இருப்பவருக்கும் சங்கடம்.

கோயிலுக்கு என்றால் அன்று மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாமல் இருப்பது பொது வழக்கம். காலையில் மறந்துபோய் மீன் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால், சாதாரண நாளில் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வெளிவீதியில் நின்று கும்பிட்டு வருபவர்கள் உண்டு. ஆனால் அது கண்ணகை அம்மன் சடங்காக இருந்தால் பேசாமல் அடுத்த நாள் போங்கள். வைகாசிப் பூரணையை ஒட்டி வரும் அந்தச் சில நாட்கள் சாதாரணத் திருவிழா மாதிரி இல்லை. வருடத்தின் பெரும்பகுதி சாத்தியிருக்கும் கதவைத் திறந்து, சடங்கு செய்து, அம்மனைக் குளிர்விக்கும் திருக்குளிர்த்தியோடு முடிப்பார்கள். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் போன்ற ஊர்களில் அந்த நாட்களில் வீடுகளில் மச்சம் சமைப்பதே இல்லை. நீங்கள் அங்கே வாடகைக்கு இருப்பவராக இருந்தாலும் சரி, வேறு சமயத்தவராக இருந்தாலும் சரி, அந்தச் சில நாட்கள் மீன் பொரிக்கும் வாசம் மதிலைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த வருடமும் அதைப் பேசுவார்கள்.

கோயிலில்

தீர்த்தம் வாங்கும்போது வலது கையைக் குழியாக்கி, இடது கையை அதற்குக் கீழே பிடியுங்கள். ஒரு சொட்டும் நிலத்தில் விழக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடது கை. குடித்துவிட்டு ஈரக்கையைத் தலையில் தடவிக்கொள்வது வழக்கம், வேட்டியில் துடைக்க வேண்டாம். வீபூதியில் மிஞ்சியதைத் தூணிலும் சுவரிலும் கொட்டுவது எங்கும் நடக்கிறது, எங்கும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஒரு துண்டுக் கடதாசியில் மடித்து எடுத்து வாருங்கள்.

திருக்குளிர்த்தியன்று குளிர்த்தித் தீர்த்தத்துக்குப் பெரிய நெரிசல் இருக்கும். அம்மை, வெப்ப நோய் வராது என்ற நம்பிக்கையில் வீட்டுக்கும் கொண்டு போவார்கள். கொண்டு போக விருப்பம் என்றால் கழுவிய சுத்தமான போத்தல் ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள், முன்பு உள்ளே என்ன இருந்தது என்று ஊருக்கே தெரியும் போத்தலை நீட்டக் கூடாது. நிறைய வேண்டும் என்று தள்ளிக்கொண்டு போகவும் வேண்டாம், ஒரு வாய் கிடைத்தால் போதும் என்றுதான் முதியவர்களே நிற்பார்கள்.

புக்கையோ கடலையோ மோதகமோ கையில் கிடைத்ததும் நின்ற இடத்திலேயே வாயில் போடாதீர்கள். வெளி மண்டபத்துக்கு வந்து, ஓரமாக இருந்து சாப்பிடலாம். சாமி வீதி வரும் நேரம் கச்சான் கொறிப்பதும் அப்படித்தான். திருவிழா என்றால் கச்சான் கடையும் தும்பு முட்டாசும் இல்லாமல் இங்கே இல்லை, வாங்குங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள், ஆனால் கடதாசிச் சுருளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாமி போனபிறகு சாப்பிடுங்கள். கோதைக் கோயில் மணலில் கொட்டாதீர்கள், அதே மணலில்தான் ஆட்கள் அங்கப் பிரதட்சணம் செய்கிறார்கள்.

அப்புறம் ருசி. படைப்பதற்குச் சமைப்பதை யாரும் முதலில் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. சாமிக்கு முன் மனிசர் சாப்பிடக் கூடாது என்பதால் உப்பும் இனிப்பும் கைக்கணக்குத்தான். ஆகவே புக்கையில் சக்கரை கூடிப் போனாலும் சோற்றில் உப்பு குறைந்தாலும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. பக்கத்து இலைக்காரரின் காதில்கூட. பொங்கிய அக்கா உங்களுக்குப் பின்னால்தான் வாளியோடு நின்றுகொண்டிருப்பார்.

அன்னதானப் பந்தியில் தாமரை இலை போடும் கோயில்கள் இன்னும் இருக்கின்றன, மற்ற இடங்களில் வாழையிலை அல்லது லஞ்ச் சீட். தாமரை இலை வட்டமாக, நடுவில் கொஞ்சம் குழிந்து இருக்கும், பருப்பும் ரசமும் அந்தக் குழிக்குள்ளே ஓடி வந்துவிடும் என்பதால் சோற்றைச் சுற்றி வரம்பு மாதிரி கட்டிக்கொள்ளுங்கள். வரிசையில் எல்லாருக்கும் சோறு விழும்வரை கை வைக்காமல் இருக்க வேண்டும். சில இடங்களில் தேவாரம் ஒன்று பாடுவார்கள், சில இடங்களில் "அரோகரா" என்று ஒரு சத்தம் வரும், அதுதான் தொடங்கலாம் என்பதற்கு அடையாளம். போதும் என்றால் வாயால் கத்த வேண்டியதில்லை, இலைக்கு மேலே உள்ளங்கையைக் குறுக்கே பிடியுங்கள். அப்படியும் ஒரு அகப்பை விழும். "சாப்பிடு மனே, இன்னும் இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னால் அந்த இடத்தில் வாதாட முடியாது, ஆகவே முதல் தடவையே கொஞ்சமாக வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்தி. மிச்சம் வைத்து எழும்புவதைவிட இரண்டாம் தரம் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

சாப்பிட்டு முடிந்தாலும் பக்கத்தில் இருப்பவர் முடிக்கும்வரை இருங்கள். எழும்பும்போது உங்கள் இலையை நீங்களே மடித்து எடுத்துப் போய்ப் போட வேண்டும், சின்ன உத்தியோகம் பெரிய உத்தியோகம் எல்லாம் வெளியே.

விரதகாரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தம். தகப்பன் இல்லாதவர்கள் பலர் அன்று விரதம், காலையில் தேத்தண்ணியும் குடிக்காமல்தான் வருவார்கள். பாண்டிருப்பு, பழுகாமம் திரௌபதை அம்மன் கோயில்களில் தீ மிதிப்பவர்களும் கையில் காப்புக் கட்டிய நாள் முதல் சாப்பாட்டில் கட்டுப்பாடு. இவர்களைப் பார்த்து "வாங்க அண்ணே, ஒரு பிளேன்டி குடிப்பம்" என்று உபசரிக்கக் கூடாது. கையில் காப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

கதிர்காமப் பாதயாத்திரை வேறு விஷயம். திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகக் குமண காட்டுக்குள் போகும் அந்தக் கூட்டத்துக்கு வழி நெடுகத் தாகசாந்தி வைப்பார்கள். மோர், சர்பத், சில இடங்களில் சோறும். நீங்கள் யாத்திரைக்காரர் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போகிறவராக இருந்தாலும் கை காட்டி நிறுத்துவார்கள். நிற்கலாம், ஒரு கப் குடிக்கலாம். ஆனால் நடந்து வருபவர்கள் நிற்கும்போது அவர்களுக்கு முன்னால் கை நீட்ட வேண்டாம், கப்பை வீதியில் எறியவும் வேண்டாம்.

சேர்ச்சில்

புளியந்தீவு மரியாள் பேராலயமாக இருந்தாலும் ஒரு சின்னக் கிராமத்துச் சேர்ச்சாக இருந்தாலும், உள்ளே சாப்பாடு இல்லை, சுயிங்கம் இல்லை, வாயில் வெற்றிலை இல்லை. தண்ணீர்ப் போத்தலைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். சின்னப் பிள்ளைக்கோ மாத்திரை போட வேண்டியவருக்கோ என்றால் வெளியே வந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். நற்கருணை வாங்கும் கத்தோலிக்கர்கள் அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்து எதுவும் சாப்பிட மாட்டார்கள், தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை. அதனால் பூசைக்குப் போகும் வழியில் ஸ்நேகிதருக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து அன்பு காட்ட வேண்டாம். தவக்காலத்தில் ஒருசந்தியா (ஒரு நேரச் சாப்பாடு), சுத்தபோசனமா (இறைச்சி இல்லாத சாப்பாடு) என்று கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.

இப்போது அந்த முக்கியமான இடம். பூசையின் பிற்பாதியில் வாங்கு (பெஞ்ச்) வாங்காக ஆட்கள் எழுந்து வரிசையில் போவார்கள். கோயிலில் பிரசாதம் வாங்கிப் பழகியவருக்கு, எல்லாரும் போகும்போது நாம் இருந்தால் அவமரியாதை என்று கால் தானாக எழும்பும். எழும்ப வேண்டாம். ஞானஸ்நானம் பெற்று, அதற்கென்று படித்து, ஆயத்தமாகி வந்த கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது அது. அவர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல், சாப்பாட்டுக் கணக்கில் வராது. முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கி மற்றவர்கள் போக வழி விட்டு, அமைதியாக இருந்தால் போதும். சில இடங்களில் இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் குருவானவர் ஆசீர்வாதம் மட்டும் தருவார். எல்லா இடத்திலும் இல்லை, ஆகவே கூட்டிப் போனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவறுதலாக வரிசையில் நின்று அப்பம் கைக்கு வந்துவிட்டது என்றால் பொக்கற்றில் வைக்கவே கூடாது, வீட்டுக்குக் கொண்டு வரவும் கூடாது. அந்த இடத்திலேயே "நான் கத்தோலிக்கர் இல்லை, ஃபாதர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அவர் பக்குவமாக வாங்கிக்கொள்வார்.

மெதடிஸ்த திருச்சபையில் முறை வேறு. மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் வந்து இறங்கிய காலத்திலிருந்து இங்கே வேரூன்றிய சபை அது. திருவிருந்து நாளில் அப்பத்தோடு திராட்சை ரசமும் உண்டு, யார் வரலாம் என்பதைப் போதகர் சொல்வார். சொன்னபடி செய்யுங்கள், சந்தேகம் என்றால் இருந்த இடத்திலேயே இருங்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கதை தலைகீழ். திருநாள் என்றால் வாசலிலேயே தேத்தண்ணியும் கேக்கும் பணிஸும் வரும், அதை வாங்காமல் நழுவினால்தான் மனம் நோகும். கிறிஸ்மஸ் கேக்கில் பழங்களை ரம்மிலோ பிரண்டியிலோ ஊற வைத்திருப்பார்கள், முட்டையும் இருக்கும். முஸ்லிம் ஸ்நேகிதர்களுக்கும் விரதகாரருக்கும் அதைக் கொடுக்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை வைத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. சாப்பாட்டுப் பார்சலை முன்னறிவிப்பு இல்லாமல் சேர்ச் வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஊர் இது. ஆள் இல்லாத ஒரு பை இங்கே என்ன பதற்றத்தைக் கொண்டு வரும் என்று வெளியூர்க்காரருக்கு உடனே விளங்காது. பொறுப்பானவருக்கு அழைத்துச் சொல்லி, ஆள் கையிலேயே கொடுங்கள். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள்.

பள்ளிவாசலிலும் நோன்பு திறக்கும் இடத்திலும்

நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ சம்மாந்துறையிலோ வேலை என்றால் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள், பகலில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். கந்தோருக்குள் ஒரு மறைவில் சாப்பிடலாம். "நீங்க சாப்பிடுங்க, எங்களுக்கு ஒண்டுமில்ல" என்று நோன்பாளிகளே சொல்வார்கள், உண்மையாகத்தான் சொல்வார்கள். இருந்தாலும் வீதியில் நின்று சோடா குடிப்பது வேறு.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி கொடுப்பார்கள். யார் போனாலும் கிடைக்கும், சமயம் கேட்பதில்லை. மூடியுள்ள பாத்திரம் கொண்டு போங்கள், கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள் என்பதால் பிளாஸ்டிக் பை வேண்டாம், ஒரு குடும்பத்துக்கு அளவான பாத்திரம் போதும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் கவனிக்க: அரிசி, தேங்காய்ப்பால், வெந்தயம் என்று பார்க்கச் சைவமாகத் தெரிந்தாலும் இறைச்சியோ கோழியோ போடுவது சாதாரணம். "காக்கா, இதில இறைச்சி போட்டிருக்கா?" என்று (காக்கா என்றால் இங்கே அண்ணன்) கேட்டால் நேரே சொல்வார்கள்.

நோன்பு திறக்கக் கூப்பிட்டால் பாங்குக்கு (தொழுகை அழைப்புக்கு) கால் மணித்தியாலம் முன்பே போய் இருங்கள். எல்லாருக்கும் முன்னால் பேரீச்சம்பழம், கஞ்சிக் கோப்பை, சமோசா, கட்லட், ஒரு கிளாஸ் ரோஸ் நிறத்தில் ஏதாவது இருக்கும். பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் அதைப் பார்த்தபடி கடைசி நிமிடங்களில் துஆ (பிரார்த்தனை) கேட்டுக்கொண்டிருப்பார்கள். நோன்பு இல்லாத நீங்கள் கிளாஸை எடுத்து ஒரு மிடறு விட்டால் எப்படி இருக்கும்? பாங்கு கேட்டு, அவர்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்த பிறகு நீங்களும் தொடங்குங்கள். வலது கையால். ஒரு கோப்பை கஞ்சி முடிந்ததும் எல்லாரும் மஃரிப் தொழப் போய்விடுவார்கள், அதோடு விருந்து முடிந்துவிட்டது என்று எழும்பிப் போகாதீர்கள், உண்மையான சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

சாப்பாடு சஹனில் வரும். பெரிய தட்டு, சோறு குவிந்திருக்கும், மேலே இறைச்சி, சுற்றி நாலைந்து பேர். வெளியூர்க்காரர் தடுமாறும் இடம் இதுதான், ஆனால் உண்மையில் சுலபம். உங்களுக்கு நேரே இருக்கும் பக்கத்தில் மட்டும் சாப்பிடுங்கள், நடுவில் கை நீட்டி இறைச்சியை எடுக்க வேண்டாம். மூத்தவர் யாராவது பிய்த்து உங்கள் பக்கம் தள்ளிவிடுவார், அதைச் சாப்பிடாமல் வைத்தால்தான் அவருக்கு யோசனை. வாய்க்குப் போன கையை உதறாதீர்கள். மெல்லச் சாப்பிடுபவர் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் சும்மா கையை அளைந்துகொண்டாவது கூட இருப்பார்கள், நீங்களும் இருங்கள். ஒரே தட்டில் சாப்பிட மனம் வரவில்லை என்றால் முன்கூட்டியே சொன்னால் தனிக் கோப்பை தருவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கொண்டு போவதற்குப் பேரீச்சம்பழப் பைக்கற் அல்லது பழங்கள் போதும். வீட்டில் சமைத்ததைவிட அது இரு பக்கமும் நிம்மதி. குடித்துவிட்டுப் போகவே கூடாது, வாசம் போதும் ஊர் திரும்பிப் பார்க்க. இனிப்பில் வட்டிலப்பம் வந்தால் விரதகாரர்கள் யோசிக்க வேண்டும், தேங்காய்ப்பாலும் சக்கரையும் மட்டும் இல்லை, முட்டையில்தான் அது இறுகுகிறது.

விகாரைப் பக்கம்

சுருக்கமாகச் சொல்கிறேன். வெசாக், பொசன் என்ற பௌத்தப் பண்டிகை நாட்களில் அம்பாறை நகரில் தன்சல் (இலவசச் சாப்பாட்டுப் பந்தல்) வைப்பார்கள், சோறு, அவித்த மரவள்ளி, ஐஸ்கிரீம் என்று எதுவும் இருக்கலாம். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுங்கள், காசு நீட்டாதீர்கள். பிக்குகளுக்குத் தானம் கொடுக்கும் வீட்டுக்குக் கூப்பிட்டால் மதியத்துக்கு முன்பே போக வேண்டும், நண்பகலுக்குப் பிறகு அவர்கள் திட உணவு சாப்பிடுவதில்லை. அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகே மற்றவர்களுக்கு. புத்தருக்கு வைத்த தட்டில் இருந்து எதையும் எடுத்து வாயில் போடக் கூடாது, கோயில் பழக்கத்தில் கை போய்விடும். போயா (பூரணை) நாட்களில் சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் பூட்டு, விருந்து வைக்க நாள் பார்க்கும்போது கலண்டரைப் பாருங்கள்.

நீங்கள் கொடுக்கும்போது

படையல் விஷயத்தில் இங்கே பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. முஸ்லிம்கள் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள், கிறிஸ்தவர்களிலும் பெந்தகோஸ்து சபைக்காரர் பலர் சாப்பிட மாட்டார்கள். அதனால் பொங்கலன்று படைப்பதற்கு முன்பே அவர்களுக்கான பங்கை வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்து, "இது படைக்காதது ராத்தா" என்று சொல்லிக் கொடுப்பார்கள். கோயில் பிரசாதத்தைக் கந்தோரில் நீட்டி, ஒருவர் வேண்டாம் என்றால் இரண்டாம் தரம் கேட்க வேண்டாம், அவருக்குத் தெரிந்த காரணம் அவருக்கு. பெருநாளில் அந்தப் பக்கத்திலிருந்தும் இப்படித்தான்: மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் வீட்டுக்குப் புரியாணி வராது, பழமும் மஸ்கட் இனிப்பும் வரும். மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டுக்குக் கோழி தனியாக வரும். நீங்கள் எது சாப்பிட மாட்டீர்கள் என்று ஒரு தரம் சொன்னால் போதும், பல வருடம் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அன்னதானத்துக்குக் கொடுக்க விருப்பம் என்றால் வீட்டில் சமைத்துத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வண்ணக்கரிடமோ (கோயில் நிர்வாகியிடமோ) செயலாளரிடமோ எது குறைவாக இருக்கிறது என்று கேட்டு அரிசி, தேங்காய், மரக்கறி கொடுக்கலாம், காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கோயில் திருவிழாக்கள் பல குடிகளின் (ஊர்க் குடும்ப வழிகளின்) பொறுப்பில் நடப்பவை, இன்ன நாள் இன்ன குடியின் பூசை என்று உரிமை இருக்கும், உங்களுக்கு வசதியான நாளில் அன்னதானம் செய்ய முடியுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பக்கத்து வீட்டிலிருந்து புக்கையோ கஞ்சியோ வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கழுவி, அதில் கொஞ்சம் சீனியோ நாலு வாழைப்பழமோ வைத்து அனுப்புங்கள். உங்கள் வீட்டு மீன்குழம்புச் சட்டியோடு சேர்த்து ஊற வைக்காமல் அந்தப் பாத்திரத்தைத் தனியாகக் கழுவினால் இன்னும் நல்லது, அது நாளைக்கு அவர்கள் வீட்டுச் சாமியறைக்குப் போகிற பாத்திரமாக இருக்கலாம்.